நிற்கிற காருக்குள்ளே 226 கி.மீ. வேகம்! தெரியுமா?

கார் நிற்கிறது. கியர் நியூட்ரலில். ஆக்சிலரேட்டரை மட்டும் 6,000 ஆர்.பி.எம். வரை மிதிக்கிறீர்கள். சக்கரம் அசையவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? 20 செ.மீ. குறுக்களவுள்ள கிளட்ச் பிளேட்டின் விளிம்பு மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது! நொடிக்கு 100 சுற்று! அதே வேகத்தில் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் மதுரை வந்துவிடும்!

அந்த விளிம்பில் ஒட்டியிருக்கிற ஒரே ஒரு கிராம் லைனிங்கை வெளியே பிய்த்தெறியப் பார்க்கிற விசை எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 4 கிலோ எடை! ஒரு கிராமுக்கு நாலு கிலோ! அதனால்தான் ரேஸுக்குப் பிளேட் வாங்குகிறவர்கள் “இது எத்தனை ஆர்.பி.எம். தாங்கும்?” என்று முதலில் கேட்கிறார்கள். தாங்காத பிளேட் சிதறினால் கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்!

சரி, அந்த பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது எது? பிரஷர் பிளேட். எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 113 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிற ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கே சுமார் 300 கிலோ! அத்தனையையும் உங்கள் இடது கால் ஒரே மிதியில் விடுவிக்கிறது! டயாபிரம் ஸ்பிரிங்கும் நெம்புகோல் கணக்கும் செய்கிற வேலை அது!

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை முடிவு செய்வது நாலே நாலு விஷயம்தான் தெரியுமா? லைனிங்கின் பிடிப்பு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம், பிளேட்டின் ஆரம், உரசுகிற பக்கங்களின் எண்ணிக்கை. இந்த நாலையும் பெருக்கினால் விடை வந்துவிடும்! ஒரு பிளேட்டுக்கு இரண்டு பக்கம். இரண்டு பிளேட் போட்டால் நாலு பக்கம். அழுத்தத்தைத் துளிக்கூடக் கூட்டாமலே தாங்கும் சக்தி இரண்டு மடங்கு! பெடல் கல்லு மாதிரி ஆகாமலே!

ரேஸ் காரின் கிளட்ச் பெரிதாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நேர்மாறு! நம் வீட்டுக் காரின் பிளேட்டே 20 செ.மீ. இருக்கும்போது, ரேஸ் கிளட்ச்கள் 18.4 செ.மீ., 14 செ.மீ., 11.5 செ.மீ. என்று சுருங்கிக்கொண்டே போகின்றன! சின்ன பிளேட் சீக்கிரம் வேகம் பிடிக்கும், சீக்கிரம் வேகம் குறையும், கியர் சட்டென்று விழும். ஆரம் குறைந்ததால் போன பிடிப்பை, பிளேட்டுகளை அடுக்கி ஈடு கட்டிவிடுகிறார்கள்!

ஃபார்முலா 1 காரின் கிளட்ச்? குறுக்களவு 10 செ.மீ.க்கும் குறைவு! கையில் வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்! அதன் வழியாகப் போவது சுமார் 1,000 குதிரைத் திறன்! காலுக்கு கிளட்ச் பெடலே கிடையாது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கிற நெம்புகோல் மட்டும்தான். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-இல் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார் இல்லையா? அவர் விரல்தான் அந்த வேலையைச் செய்தது!

இப்போது ராமேஸ்வரத்துக்காரர்கள் நெஞ்சு நிமிர்த்துகிற செய்தி! அந்த ஃபார்முலா 1 கிளட்ச் பிளேட் எதனால் ஆனது தெரியுமா? கார்பன்-கார்பன்! அதாவது கார்பன் இழைகளைக் கார்பனாலேயே பிணைத்துச் செய்த கலப்புப் பொருள். ஏவுகணை விண்வெளியின் விளிம்பைத் தொட்டுவிட்டுக் காற்று மண்டலத்துக்குள் திரும்பிப் பாயும்போது அதன் முனை எரிந்து போகாமல் காக்கிறதும் இதே குடும்பத்துப் பொருள்தான்! அக்னி ஏவுகணைக்காக அந்த வெப்பக் கவசத்தை உருவாக்கிய திட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் யார்? ராமேஸ்வரம் மசூதித் தெருவில் வளர்ந்த அப்துல் கலாம்! அக்னி முதன்முதலாகப் பறந்தது 1989 மே 22. ஏவுகணை ஆய்வில் பிறந்த இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகள் காலில் மாட்டுகிற 3 கிலோ உபகரணத்தைச் சில நூறு கிராமுக்குக் குறைத்துக் கொடுத்ததைத் தன் வாழ்வின் பெரிய மகிழ்ச்சியாகக் கலாம் மேடைக்கு மேடை சொன்னாரே, நினைவிருக்கிறதா? ஏவுகணை முனை, குழந்தையின் கால், ரேஸ் காரின் கிளட்ச்! மூன்றையும் இணைப்பது இலேசான கலப்புப் பொருள்!

அப்படியென்றால் நம் காருக்கும் கார்பன் பிளேட் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள்! குளிர்ந்திருக்கும்போது அதற்குப் பிடிப்புக் குறைவு. சூடு ஏறிய பிறகுதான் தன் சுயரூபத்தைக் காட்டும்! ரேஸ் டிராக்கில் அது வரம். சன்னதித் தெருவில் யாத்திரை பஸ்ஸுக்குப் பின்னால் அடி அடியாக நகரும்போது?

போர்ஷே கரேரா ஜிடி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2003-இல் விற்பனைக்கு வந்த 612 குதிரைத் திறன் கார். அதற்கு 16.9 செ.மீ. செராமிக் கிளட்ச்! உலகின் மிகச்சிறந்த கார்களில் ஒன்று. ஆனால் அதை சிக்னலில் அணைத்துவிடாமல் நகர்த்துவது பெரும்பாடு! ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட வேண்டும். கோடீஸ்வரர்கள் சிக்னலுக்கு சிக்னல் எஞ்சின் அணைந்து நின்றார்கள்!

இன்னும் மிரள வேண்டுமா? அமெரிக்காவில் டாப் ஃப்யூயல் என்று ஒரு டிராக் ரேஸ். காரின் திறன் சுமார் 11,000 குதிரை! ஓடும் தூரம் வெறும் 1,000 அடி. நேரம் 4 நொடிக்கும் குறைவு. முடிக்கும்போது வேகம் மணிக்கு 530 கி.மீ.! கியர் மாற்றுவதே கிடையாது. ஐந்தாறு பிளேட்டுகள் அடுக்கிய கிளட்ச், வேண்டுமென்றே வழுக்கிக்கொண்டே போய், கடைசியில் இறுகிப் பிடிக்கிறது! ஓட்டம் முடிந்ததும் பிளேட்டுகளைக் கழற்றி மாற்றிவிடுகிறார்கள். நாலு நொடிக்கு ஒரு செட்!

அப்போ பழைய காலத்தில் எதை வைத்து ஓட்டினார்கள்? தோல்! 1900-களின் தொடக்கத்துக் கார்களில் கூம்பு வடிவ கிளட்ச். அதன் மேல் மாட்டுத் தோல் சுற்றியிருக்கும். தோல் காய்ந்து விறைத்தால் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் அதிகமாகி வழுக்கினால்? முல்தானி மிட்டியைத் தூவுவார்கள்! ஆமாம், முகத்தில் பூசுகிற அதே மண்தான்!

லைனிங் என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டைக்கு அடியில் பழைய பூட்ஸைச் செருகுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார். அதைவிட நல்ல பொருள் செய்யலாமே என்று 1897-இல் ஆரம்பித்ததுதான் ஃபெரோடோ நிறுவனம்! இன்றும் ரேஸ் கார்களில் அந்தப் பெயர் ஓடுகிறது!

நம் தமிழ்நாடு மட்டும் சும்மாவா? சென்னையில் ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இரண்டுமே கிளட்ச் லைனிங் செய்கின்றன. ஓசூரில் லூக் கிளட்ச் தொழிற்சாலை! நீங்கள் ஓட்டுகிற வண்டிக்குள் இருக்கிற பிளேட் நம் ஊரிலேயே பிறந்ததாக இருக்கலாம்!

இனி நம் கடற்கரைக்கு வருவோம்! மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாக தனுஷ்கோடி வரை ஓடுகிற 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எவ்வளவு நேரானது, எவ்வளவு சமமானது என்று போனவர்களுக்குத் தெரியும். டாப் கியரில் நூறு கிலோமீட்டர் போனால் கிளட்ச் எவ்வளவு தேயும் தெரியுமா? கிட்டத்தட்ட பூஜ்யம்! முழுதாகப் பிடித்திருக்கிற பிளேட்டில் உரசலே இல்லை. தேய்வதெல்லாம் நகரத் தொடங்குகிற அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான்!

அதனால்தான் இந்தக் கணக்கு முக்கியம். சாதாரணமாகக் கிளம்பும்போது 15 கி.மீ. வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் ஸ்டார்ட்டில் 45 கி.மீ. வரை வழுக்கவிட்டு எடுக்கிறீர்கள். வேகம் மூன்று மடங்கு. கிளட்ச்சில் பிறக்கிற வெப்பம்? ஏறக்குறைய ஒன்பது மடங்கு! ஒரே ஒரு ஸ்டார்ட்டில் ஒன்பது ஸ்டார்ட்டின் சூடு! இதில் தேய்வதற்கென்று லைனிங்கில் இருப்பது ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான்!

1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2,345 மீட்டர் நீளம். கீழே படகு போவதற்காக நடுவில் உயர்ந்து நிற்கிறது. பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வருகிறது என்றால் போதும், வேடிக்கை பார்க்க அந்த உச்சியில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்! பாதி ஏற்றத்தில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர்கள் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பார்கள். கடல் காற்றையும் மீறி மூக்கில் ஏறுமே ஒரு கருகல் வாடை, அது என்ன தெரியுமா? லைனிங்கைக் கட்டிப்பிடித்திருக்கிற பிசின் எரிகிற வாடை! அந்த வாடை வந்த பிறகு வண்டியைப் பிரித்துப் பாருங்கள். ஃபிளைவீல் முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக வட்டங்கள், அவற்றுக்குள் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள், லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக் கிடக்கும். பளபளப்பு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், பிடிப்புப் போய்விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி!

அந்த ரயில் பற்றி ஒன்று! பாம்பன் பாலத்தில் ஓடிய, ஓடுகிற எந்த ரயில் எஞ்சினுக்காவது நம் காரில் இருப்பது போன்ற கிளட்ச் உண்டா? இல்லவே இல்லை! 1914-இல் போட் மெயிலை இழுத்த நீராவி எஞ்சின் நின்ற இடத்திலேயே முழு இழுவையைத் தரும். டீசல்-எலெக்ட்ரிக் எஞ்சினில் டீசல் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. இத்தனை ஆண்டுகளில் ஒரு கிளட்ச் பிளேட்கூட மாற்றவில்லை! தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையிலிருந்து வருகிற மின்சாரக் கார்களிலும் கிளட்ச் பெடலைத் தேட வேண்டாம். கிடையாது!

கடலில் போகிற விசைப்படகில்? அங்கே உண்டு! எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் இருக்கிற மரைன் கியர்பாக்ஸுக்குள் முன்னே போக ஒன்று, பின்னே வர ஒன்று என்று எண்ணெயில் குளிக்கிற கிளட்ச்கள்!

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 2017-இல் தார்ச்சாலை திறக்கும் முன் எப்படிப் போனார்கள் என்று நினைவிருக்கிறதா? முகுந்தராயர் சத்திரத்தில் சாலை முடிந்துவிடும். அங்கிருந்து நாலு சக்கரமும் இழுக்கிற வேன்கள்தான்! மணல், சேறு, கடல் தண்ணீர் எல்லாவற்றையும் கடந்து, ஆட்களை அடைத்துக்கொண்டு போகும். கிளட்ச்சுக்கு உலகத்தில் இருக்கிற கடினமான பரீட்சைகளில் ஒன்று எது என்று கேட்டால் நான் அந்த மணலைத்தான் சொல்வேன்! புதைந்த சக்கரம் சுற்றாது, எஞ்சின் விடாது, நடுவில் மாட்டிக்கொண்டு எரிவது பிளேட். ரேஸ் டிராக்கில் ஒரு ஸ்டார்ட்தான். மணலில் ஒவ்வொரு பத்தடியும் ஒரு ஸ்டார்ட்!

உப்புக் காற்று கிளட்ச்சை ஒட்டவைத்துவிடும், தெரியுமா? கடலோரத்தில் மாதக்கணக்கில் நிறுத்திய கார். வந்து ஸ்டார்ட் செய்து கிளட்ச்சை மிதித்தால் கியர் விழாது! ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு. துருப்பிடித்து லைனிங்கைக் கவ்விக்கொள்கின்றன! இரும்பு கலந்த சின்டர்டு உலோக பிளேட் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். ரேஸ் பாகம் வாங்குகிறேன் என்று கிளம்புகிற மண்டபம், கீழக்கரை, தொண்டி நண்பர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்!

அப்படியானால் எதைப் போடுவது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஆர்கானிக். கம்பெனியிலிருந்து வருகிற கார்களில் இருப்பது இதுதான். மென்மையாகப் பிடிக்கும், ஹாஃப் கிளட்ச்சைப் பொறுத்துக்கொள்ளும். அதிகச் சூட்டில் கொஞ்ச நேரம் வழுக்கினாலும், ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய பிடிப்புக்குத் திரும்பும்! “சாதா பிளேட்தானே” என்று இதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இவ்வளவு மன்னிக்கிற பொருள் வேறு கிடையாது!

கெவ்லார். துப்பாக்கிக் குண்டு துளைக்காத சட்டையில் இருக்கிற அதே இழை! ஆயுசு அதிகம். ஆனால் புதிதாகப் போட்டதும் பழக்க வேண்டும், சுமார் 800 கி.மீ.! அதுவும் ஊருக்குள் ஓட்டுகிற 800 கி.மீ.! ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே மூச்சில் போய் வந்தாலும் அது கணக்கில் வராது. ஏன்? டாப் கியரில் கிளட்ச் வேலையே செய்யவில்லையே! பழக்காமல் சூடாக்கினால் மேலே மெழுகு பூசியது போல் ஆகிவிடும். பிறகு திரும்பாது!

செராமிக். முழு வட்டமாக லைனிங் இருக்காது. மூன்று, நாலு, ஆறு என்று தனித்தனி வில்லைகள்! 500 டிகிரி அளவுச் சூட்டிலும் பிடியை விடாது. ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. ஒன்று விட்டுவிடும், இல்லை கவ்விக்கொள்ளும்! வண்டி அதிரும், உதறும். நடுவில் ஸ்பிரிங் இல்லாத பிளேட் என்றால் அந்த உதறல் நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். அக்னி தீர்த்தம் பக்கம் அமாவாசைக் கூட்டத்தில் ஆறு வில்லை செராமிக்கோடு ஓட்டிப் பாருங்கள், ஓட்டுகிறவருக்கும் அவஸ்தை, முன்னால் நடக்கிற ஆச்சிமாருக்கும் ஆபத்து!

சின்டர்டு உலோகம். உலோகப் பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்வது. முழுக்க முழுக்க ரேஸுக்கு! 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே! அவர்கள் ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் பல பிளேட் சின்டர்டு கிளட்ச்தான். ஓடும்போது கியர் மாற்றக் கிளட்ச்சே தேவையில்லை, ஸ்டியரிங் பின்னால் ஒரு தட்டு போதும்!

கிளட்ச் பெடல் இல்லாமலே கையால் கியர் மாற்றுகிற கார் நம் ஊரில் உருவானது தெரியுமா? 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஐ.எம்.டி. முறையில் கியர் கம்பியைத் தொட்டதுமே மோட்டார் கிளட்ச்சை மிதித்துவிடும்! 2021-இல் வந்த ஐ20 என் லைனிலும் அதே முறை. 1.0 லிட்டர் டர்போ, 172 நியூட்டன் மீட்டர்! ஆலை எங்கே? இருங்காட்டுக்கோட்டை! 1990-இல் திறந்த சென்னை ரேஸ் டிராக் எங்கே? அதுவும் இருங்காட்டுக்கோட்டை! 3.717 கி.மீ., 12 வளைவுகள். கார் பிறக்கிற இடமும் பறக்கிற இடமும் ஒரே ஊர்! அதற்கு முன் ரேஸ் நடந்த சோழவரம் எது தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்!

பைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் உண்டு! 2018-இல் ஓசூர் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200-லும், சென்னை ராயல் என்ஃபீல்டின் 650-லும் ஸ்லிப்பர் கிளட்ச் வந்தது. வளைவுக்குள் நுழையும்போது கியரை மடமடவென்று இறக்கினால் பின் சக்கரம் துள்ளும் அல்லவா? அந்த நொடியில் மட்டும் கிளட்ச் தானாக வழுக்கிக்கொடுக்கும்! வழுக்கக் கூடாத பொருளை வழுக்கவைத்தே உயிரைக் காப்பாற்றுகிறார்கள்!

கடைசியாக என் தீர்ப்பு! எஞ்சினைத் தொடாத கார் என்றால் கம்பெனி கிளட்ச்சே போதும், ஒரு ரூபாய் கூட வீணாக்காதீர்கள். டியூனிங் செய்து டார்க்கைக் கூட்டியவர்கள், புது டார்க்கைவிட 20, 30 சதவீதம் கூடுதலாகத் தாங்குகிற ஆர்கானிக் செட்டைப் பாருங்கள். வாரநாளில் ஊர், மாதத்துக்கு ஒரு நாள் டிராக் என்றால் கெவ்லார் அல்லது இரட்டை பிளேட். டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்கே கொண்டுபோகிற காருக்கு மட்டும் செராமிக்கும் சின்டர்டும். கடையில் “ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3” என்பார்கள். அந்த எண்ணுக்குப் பொது அளவே கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்! எத்தனை நியூட்டன் மீட்டர், எத்தனை ஆர்.பி.எம்., நடுவில் ஸ்பிரிங் உண்டா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பிளேட் மாற்றும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், அந்தச் சின்னப் பாகத்துக்காக கியர்பாக்ஸை இரண்டாவது தடவை இறக்குவது வீண் செலவு!

புது கிளட்ச் போட்ட உற்சாகத்தில் அரிச்சல்முனைச் சாலையிலோ பாம்பன் பாலத்திலோ மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்! அங்கே குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிறார்கள், மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள். வேகத்துக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்!